உப்பில் நனைந்த சுருட்டு

அறுபத்தேழு வரைக்கும் எண்ணினான் ராஜப்பா. அறுபத்தெட்டு வரவில்லை.

பட்டப்பகல் பதினோரு மணி. ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து, ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டுப் படுத்தவன். மூங்கில் தட்டிச் சுவரின் பொத்தல்கள் வழியாக வெயில் புள்ளி புள்ளியாக அவன் முதுகில் ஊர்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் தங்கச் சுரங்கத்தின் ஸ்டாம்பு மில் கல்லை இடித்தது. தம், தம், தம். மாரிகுப்பம் லைன் வீடுகளில் பானையும் சட்டியும்கூட அந்த இடிக்குத் தலையாட்டும். அதே தாளத்தில், உதடு மட்டும் அசைய, தூக்கத்திலேயே எண்ணிக்கொண்டு போனான். அறுபத்தைந்து. அறுபத்தாறு. அறுபத்தேழு. அப்புறம் பல்லைக் கடித்து, இடது காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டான். தொங்கப் போட்டால் வலி கொஞ்சம் மட்டுப்படும்.

மங்கம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். போன வருஷம் இந்த எண்ணிக்கை இருநூறைத் தாண்டும். ஆடியில் நூற்றிருபதில் நின்றது. ஐப்பசி பிறந்தபோது தொண்ணூறு. இப்போது கார்த்திகை. எதை எண்ணுகிறான் என்று ஒரு நாள் கேட்டும் பார்த்தாள்.

"தூக்கத்துல பேசறதெல்லாம் கேட்டுகினு குந்திகினு கீறியா? போய் வேலயப் பாருமே" என்று வாயை அடைத்துவிட்டான்.

ராஜப்பா வேட்டுக்காரன். பாறையில் துளை போட்டு மருந்து கெட்டித்த பிறகு, திரிகளுக்கு நெருப்பு வைக்கிற ஆள். மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கின பிறகுதான் அவன் கிளம்ப வேண்டும். வேட்டுக்காரர்கள் வீட்டில் அந்த வேலையைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். பெண் காதில் விழுந்த திரி சீக்கிரம் எரியும் என்று அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை. பதினாலு வருஷம் குடித்தனம் பண்ணியும், பூமிக்கு அடியில் அவன் என்ன செய்கிறான் என்று மங்கம்மாவுக்கு அதற்கு மேல் தெரியாது.

தெரிந்ததெல்லாம் அந்தக் கால்தான்.

முழங்காலுக்குக் கீழே மயிர் உதிர்ந்து, தோல் மெழுகு தடவினதுபோல் ஆகியிருந்தது. தொட்டால் மழையில் கிடந்த கல்லைத் தொட்ட மாதிரி. சுண்டு விரல் கறுத்துச் சுருங்கி, புளியங்கொட்டையாகிவிட்டது. அதை ஒட்டினாற்போல் மேல்பாதத்தில், ஆடி மாசம் ஒரு கல் சில்லு கீறின இடம். ஒரு வாரத்தில் பொருக்குத் தட்டி உதிர வேண்டிய கீறல், ஓரம் வெட்டினாற்போல் நின்று, உள்ளே சாம்பல் நிறத்தில் குழிந்துகொண்டே போனது.

ஐப்பசித் தூறலில் கால் சில்லிட்டுக் கிடக்கிறதே என்று அடுப்பில் செங்கல்லைச் சுட்டு, கந்தல் சுற்றி, குதிகாலுக்கு அண்டை கொடுத்தாள். "நல்லா கீதுமே" என்று தூங்கிப் போனான். விடிந்து பார்த்தால் குதிகாலில் ஒரு முட்டை அளவுக்குக் கொப்புளம். வெந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. அன்றைக்கு மங்கம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுத அழுகையில் கூழ் அடிபிடித்துவிட்டது.

மறுநாள் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அரை மைல் தூரம். நாலு இடத்தில் நின்றான். நின்ற இடத்தில் எல்லாம் யாரையாவது பிடித்துப் பேச்சுக் கொடுத்தான். பால்காரனிடம் மாட்டுக்குக் கோமாரி தீர்ந்ததா என்றான். வேலி ஓரத்து ஆட்டைப் பார்த்து, சினையா என்றான். கெண்டைச்சதை பிடித்துக்கொள்கிற நேரத்தை மறைக்கத்தான் இந்த விசாரிப்பு எல்லாம். லைனில் வேறு மாதிரி பேச்சு. 'முன்னெல்லாம் மொறைச்சுகினு போவாரு, இப்ப ராஜப்பா எவ்ளோ நல்ல மனுஷனா ஆயிட்டாரு பாரு!'

கம்பெனி ஆஸ்பத்திரியில் புண் கட்டுகிறவர் டிரஸ்ஸர் ஏனோக். ஒட்டின கன்னம், கார்பாலிக் வாடை, பொறுமையான விரல். புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் ராஜப்பாவின் வலது பாதத்தின் மேல் மங்கம்மாவின் விரலைப் பிடித்து வைத்தார்.

"இன்னா தெரியுது?"

"துடிக்குது ஐயா. மீன் குஞ்சு மாதிரி."

"இப்ப இந்தக் கால்ல வெச்சுப் பாரும்மா."

இடது பாதத்தில் தேடினாள். இங்கே, அங்கே, கணுக்காலுக்குப் பின்னால். ஆழத்தில் எங்கேயாவது ஒளிந்துகொண்டிருக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் இல்லை.

"ரத்தம் போற குழாய் அடைச்சிகிச்சி. தண்ணி போகாத வயல்ல நாத்து வெச்சா வருமா? அதான் புண்ணு ஆறல. ரத்தம் கசியற புண்ணுன்னா நான் பயப்படமாட்டேன், இது காய்ஞ்சி கெடக்குது. டாக்டர் துரை இந்த மாதிரி காலுக்குப் பொங்கல் வரைக்கும்தான் தவணை குடுப்பாரு. அதுக்குள்ள ஆறலன்னா முட்டிக்குக் கீழ எடுத்துடுவாரு."

ராஜப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஏனோக் விரல் மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். காய்ச்சி ஆறின தண்ணியில் உப்புப் போட்டுத் தினம் கழுவணும். மஞ்சள் தூள், சாணி, சுண்ணாம்பு என்று எதையும் அப்பக்கூடாது. கொதிக்க வைத்து வெயிலில் காய வைத்த துணிதான் கட்டணும், இறுக்கக்கூடாது. அடுப்புப் பக்கம் காலை நீட்டவே கூடாது. கம்பளி சுற்றிக்கலாம். தினம் வலிக்கிற வரைக்கும் நடக்கணும், நின்று வலி தீர்ந்ததும் மறுபடி நடக்கணும்.

"இதெல்லாம் விட முக்கியம், சுருட்டு. அத்த இன்னிக்கே விட்டுடணும்."

"அது மட்டும் ஆவாது" என்றான் ராஜப்பா.

"பொஸ்தகத்துல எழுதி நான் பாக்கலப்பா. ஆனா பதினோரு வருசத்துல இந்த மாதிரி ஒம்போது கால் பாத்துட்டேன். ஒம்போது பேர் வாயிலயும் புகை. ரெண்டு பேர் விட்டாங்க. அந்த ரெண்டு பேர்தான் இன்னிக்கும் ரெண்டு கால்ல நடந்துகினு கீறாங்க."

"சுருட்டு இல்லாம நான் கீழ எறங்க முடியாது டிரஸ்ஸரே."

"ஏன் முடியாது?"

ராஜப்பா மங்கம்மாவை ஒரு தரம் பார்த்தான். பார்த்துவிட்டு எழுந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் சண்டை. மங்கம்மா கெஞ்சினாள், சோறு போடமாட்டேன் என்றாள், கருவாட்டுக் குழம்பு வைத்துத் தாஜா பண்ணினாள். ஆண்டர்சன்பேட்டைக் கடையில் வாங்கின சுருட்டு தகர டப்பாவில் அடுக்கி இருந்தது. அவன் ஒன்று பற்ற வைக்கும்போதெல்லாம் அவள் கண் காலுக்குப் போகும். நாலு இழுப்பு; பாதத்தில் இருக்கிற கொஞ்ச நிறமும் வடிந்து வெளுத்துப் போகும். அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

"பாரு, பாரு! எப்படி வெளுக்குது!"

"பனி."

"உச்சி வெயில்ல பனியா?"

"ஒனுக்கு இன்னாமே தெரியும்? பொழப்பு."

புகை விடுவதில் என்ன பிழைப்பு என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

மங்கம்மாவின் தகப்பன் குடியாத்தத்துப் பக்கம் புகையிலைக் கொல்லையில் கூலி. உப்புக் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்த புகையிலை நெருப்பைப் பிடித்து வைக்காது, கடைக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான் என்று அவர் புலம்பிக் கேட்டிருக்கிறாள். அந்த ஞாபகம் ஒரு மத்தியானம், புண் கழுவ வைத்திருந்த உப்புத் தண்ணீர்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. ராஜப்பா எண்ணிக்கொண்டே தூங்குகிறான். ஸ்டாம்பு இடிக்கிறது. வெயில் புள்ளிகள் சட்டித் தண்ணீரில் மிதக்கின்றன. அவள் கை தானாகவே டப்பாவைத் திறந்ததுபோல் இருந்தது. இன்னொரு பிடி உப்பை அள்ளிப் போட்டாள். ஏழு சுருட்டு, திங்கட்கிழமை ஷிப்டுக்கென்று ஒதுக்கி வைத்தது. ஒவ்வொன்றாக முக்கி எடுத்து, அடுப்பு ஓரத்தில் புரட்டிப் புரட்டிக் காய வைத்தாள். மறுநாளும் ஒரு முக்கு. காய்ந்த பிறகு பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. ஊரைக் கூட்டாமல் காரியம் முடிந்தது என்று நிம்மதியாக மூச்சு விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஷிப்டு. விடியலுக்கு முன்னால் ராஜப்பா களியும் கீரைக் கடைசலும் தின்றுவிட்டு, டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினான். பனியில் பத்தடி போவதற்குள் உருவம் கரைந்துவிட்டது. கூட்டாளி தசரதன் இருமுகிற சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

பதினோரு மணிக்குத் தண்ணீர்க் குழாயில் வரிசை. பக்கத்து வீட்டு மரியகுழந்தை குடத்தின்மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவள் புருஷனும் வேட்டுக்காரன்தான்; செத்து ஆறு வருஷம். மங்கம்மாவுக்கு, தான் செய்த காரியத்தை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"யாரு கையிலயும் சொல்லாதக்கா. சுருட்டையெல்லாம் உப்புத் தண்ணியில முக்கி வெச்சிட்டேன். நாலு இழுப்புல அணைஞ்சிடும். எத்தினி நாளைக்குத்தான் பத்த வெச்சுகினே இருப்பாரு? தானா விட்டுடுவாரு."

மரியகுழந்தையின் வாய் மெல்வதை நிறுத்தியது.

"இன்னாடி சொல்ற?"

"உப்புத் தண்ணிக்கா…"

"அடிப் பாவி! அந்த நெருப்புலதான்டி திரியக் கொளுத்துவாங்க! வாய்ல சுருட்டு, கையில திரி. ஒண்ணு ஒண்ணா அந்தக் கங்க வெச்சிகினே போவாங்க. எங்காளு செத்தப்ப பாதிச் சுருட்டத்தான் எங்கையில குடுத்தானுங்க, அப்பதான் எனுக்கே தெரியும். நடுவுல அணைஞ்சா? கொளுத்துன திரி நிக்குமாடி அதுக்காவ?"

குடம் உருண்டது. மங்கம்மா ஓடினாள்.

பனி விலகி, வெள்ளை வெள்ளையாய் வெயில். மில்லில் கல்லை அரைத்துக் கொட்டின மணல்மேடு பக்கத்திலேயே வருகிறது, வருகிறது, தீரவே இல்லை. கனவில் ஓடுவதுபோல் கால் ஓடியது, வழி ஓடவில்லை. தூக்கத்தில் அவன் எண்ணினது என்ன என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அடி. நெருப்பு வைத்துவிட்டுத் திரும்பி நடக்கிற அடி. இருநூறு, நூற்றிருபது, தொண்ணூறு, அறுபத்தேழு.

சுரங்க வாயான ஷாப்டு கேட்டில் வால்டர் நின்றிருந்தான். அரை வெள்ளைக்காரன், காக்கி உடுப்பு, தொங்கு மீசை. வெளியே போகிறவர்களைத் தங்கத்துக்காகச் சோதனை போடுகிறவன்.

"யேய், நில்லு! பொம்பள உள்ள வராதே!"

"தொரே, தொரே, கீழ சேதி சொல்லுங்க! சுருட்டுல உப்பு கீது! திரி வெக்க வேணாம்னு சொல்லுங்க!"

"என்னது? சுருட்டுல உப்பா? ஊறுகாயா?" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை முழுங்கினான். புருஷன் பேர் என்ன என்று கேட்டான். ஆட்களை இறக்கி ஏற்றுகிற கேஜ் ஓட்டுகிறவனிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தான். "சேதி கீழே போகணும்னா அடுத்த கேஜில்தான் போகணும். அது போய் இறங்கி, ஆள் நடந்து போறதுக்குள்ளே… இன்னிக்கு வேட்டு சீக்கிரம். பதினொண்ணரைக்கு. உட்காரு."

கேட்டுக்குள்ளே போகிற டிராலி தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு மங்கம்மா மண்ணில் உட்கார்ந்தாள். இரும்பு சில்லென்று இருந்தது. ஸ்டாம்பு இடி அதில் ஓடியது. அந்த இடிக்குள்ளே, ரொம்ப அடியில், யாரோ ஒருவன் ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பதாக உள்ளங்கைக்குத் தோன்றியது. அவள் அவனுக்காக எண்ணினாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அவன் அவளுக்குப் புறங்காட்டி இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தான். இருபது. நாற்பது. பக்கத்தில் கருவேல மரத்தில் ஒரு கரிச்சான் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அறுபதுக்கு மேல் எண்ண அவளுக்குத் தைரியம் இல்லை. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

அப்போது தண்டவாளம் உதறியது. ஸ்டாம்பு இல்லை, இது பாதாளத்திலிருந்து.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

கொஞ்சம் தாமதித்து, நாலு.

அவ்வளவுதான்.

"நாலா?" என்றான் வால்டர், தனக்குத்தானே. "ராஜப்பா வேட்டு எப்பவும் பத்து ஆச்சே."

கேஜ் மேலே வருவதற்கு ஆன நேரத்தை மங்கம்மா கடைசி வரைக்கும் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. ஒரு மணி என்பாள். ஒரு நாள் முழுக்க என்பாள். மணி அடித்தது, இரும்புக் கதவு திறந்தது, புகையடித்த முகங்களோடு ஆட்கள் இறங்கினார்கள். கடைசியில் தசரதன். அவன் முதுகில் மூட்டை மாதிரி ராஜப்பா. கண் திறந்திருந்தது. இடது கால் துணி கழன்று தொங்கியது.

"உசுரோட கீறாரு அண்ணி! அழாதீங்க!" தசரதன் அவனை மரக்கட்டையின் மேல் இறக்கிவிட்டு, மூச்சு வாங்கினான். "பத்து குழி. நாலுக்கு நெருப்பு வெச்சாரு. அஞ்சாவதுல ஊதறாரு, ஊதறாரு, கங்கே இல்ல. இன்னொண்ணு எடுத்தாரு, அதுவும் நமுத்துப் போச்சி. மெழுகுவத்தி நான் எடுத்துகினு முன்னால போயிட்டேன். ஆறு குழிய அப்படியே விட்டுட்டுக் கெளம்பினாரு. எப்பவும் நடுவுல ஒருவாட்டி நின்னு, வலி எறங்கின பின்னால நடப்பாரு. அதுக்காவ திரிய நீளமா வெட்டிக்குவாரு, எனுக்கு மட்டுந்தான் தெரியும். இன்னிக்கு அந்த நிக்கிற நேரத்தச் சுருட்டு துன்னுட்ச்சி. திரும்பிப் பாக்கக்கூடாதுன்றது எங்க கட்டளை. நான் அவர் எண்றதக் கேட்டுகினே போனேன். அறுவத்தி மூணுல கொரல் நின்னு போச்சி. கட்டளையாவது மண்ணாவதுன்னு திரும்பிப் போய், தூக்கிகினு ஓடியாந்துட்டேன்."

ராஜப்பா தரையைப் பார்த்துச் சொன்னான்: "ஆறு குழி விட்டுட்டேன்டா தசரதா. இருவது வருசத்துல ஒரு குழி விட்டதில்ல."

"கடைக்காரன் ஏமாத்திட்டாண்ணா. நமுத்த சரக்கு. அவன…"

"கடைக்காரன் இல்ல" என்றாள் மங்கம்மா.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் புருஷனுக்கு எதிரே மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்து, உப்புத் தண்ணீரில் முக்கினதைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. "காலு போயிடும்னு பயந்துட்டேன். நெருப்பு அதுலதான்னு எனுக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

ராஜப்பா அவளைப் பார்த்தான். திட்டுவான், காறித் துப்புவான் என்று காத்திருந்தாள். அவன் தசரதன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

விஷயம் சுரங்கத்தை நடத்துகிற காப்டன் துரை காதுக்குப் போகாமல் இருக்குமா? அறுபது அடிக்கு மேல் நடக்க முடியாதவன் வேட்டு வைப்பதா என்று ராஜப்பாவின் பெயரை வேட்டுப் பட்டியலில் அடித்துவிட்டான். கால் பிழைத்தால் மேலே மெழுகுவத்தி கொடுக்கிற ரூமில் வேலை. பிழைத்தால்.

அன்றிலிருந்து ராஜப்பா மங்கம்மாவோடு பேசுவதை நிறுத்தினான். தட்டில் போட்டதைத் தின்றான். புண் கழுவுகிற நேரம் வந்தால், சுவரைப் பார்த்துக்கொண்டு காலை மட்டும் அவள் பக்கம் நீட்டினான். அவளும் கேட்கவில்லை. தண்ணீரைக் காய்ச்சினாள், ஆற வைத்தாள், கழுவினாள், வெந்த துணியைக் காய வைத்துக் கட்டினாள். ஏனோக் கொடுத்த ஆஸ்பத்திரி மருந்துப் பொடியின் நாற்றத்தில் வீட்டில் பூனைகூட நுழையவில்லை.

சுருட்டு நின்றது அவள் பேச்சால் இல்லை. முதல் வாரம் அவன் லைனில் யாரிடமாவது ஒன்று கேட்டுப் பார்த்தான். தசரதன் எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தான். ஒருத்தன் இரக்கப்பட்டு நீட்டினபோது, ராஜப்பா அதை வாங்கி விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "வேட்டு இல்லாதவனுக்கு வாயில நெருப்பு எதுக்குப்பா" என்றானாம். மரியகுழந்தை வந்து சொல்லித்தான் மங்கம்மாவுக்குத் தெரியும். அவன் பேசுவதையெல்லாம் அவள் இப்படி அடுத்த வீட்டு வாயால்தான் கேட்டாள்.

மார்கழிப் பனியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு மணல்மேடு வரைக்கும் நடக்கப் போவான். வலி பிடித்தால் நிற்பான். இப்போது ஆட்டையும் மாட்டையும் விசாரிப்பதில்லை, நிற்கிறவனாகவே நின்றான். பனிக்குள் அவன் கரைவதும், கொஞ்சம் தள்ளி மறுபடி முளைப்பதுமாக இருப்பதை மங்கம்மா வாசலில் நின்று பார்ப்பாள். நாளாக ஆக, அவன் முளைக்கிற இடம் தள்ளித் தள்ளிப் போயிற்று. ஒரு நாள் காலையில் கட்டுத்துணியை அவிழ்த்தபோது கறுத்த சுண்டு விரல் துணியோடு வந்துவிட்டது. அவனுக்குத் தெரியவில்லை. அவள் அதை வெற்றிலையில் மடித்து, கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் புதைத்தாள். திரும்பி வந்தபோது அவன் கண் ஈரமாக இருந்தது. அப்போதும் பேச்சு இல்லை.

போகிக்கு முந்தின நாள். டாக்டர் துரை காலைப் பார்த்து முடிவு சொல்ல இன்னும் இரண்டே நாள். மங்கம்மா நேற்றுப் போட்ட கட்டுத்துணியை அவிழ்த்தாள். கடைசி மடிப்பு வரவில்லை, புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இப்படி ஒட்டினதே இல்லை, காய்ந்த மரத்திலிருந்து எடுப்பதுபோல் அதுவாகவே கழன்று விழும். தண்ணீர் விட்டு நனைத்தாள். கொஞ்சம் இழுத்தாள். இன்னும் கொஞ்சம்.

"அய்யோ! வலிக்குதுடி கழுத!"

ஸ்டாம்பு இடித்துக்கொண்டிருந்தது. துணி அவள் கையில் இருந்தது. சாம்பல் நிறக் குழியின் ஓரத்தில், குன்றிமணி அளவு, பளிச்சென்று ஒரு சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெருத்து, உடைந்து, பாதத்தில் ஒரு கோடாக இறங்கியது.

"இன்னா சொன்னீங்க?"

"இன்னா சொன்னேனா? வலிக்குதுன்னேன்! தோல உரிக்கிற மாதிரியா இழுப்பாங்க?"

"எங்க வலிக்குது? இங்கயா?" என்று விரலை வைத்தாள்.

"அம்மாடி! அங்கதான்! எடுமே கைய!"

"அக்கா!" என்று மங்கம்மா கத்தினாள். "அக்கா, மரியகுழந்தக்கா! ஓடியாயேன்! ரத்தம்கா! ரத்தம் வருது!"

மரியகுழந்தை தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு அலறி அடித்து ஓடி வந்தாள். உள்ளே வந்தவள், வழிகிற ரத்தத்தையும் அதற்கு முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பிச் சிரிக்கிறவளையும் மாறி மாறிப் பார்த்து மாரில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாடி இது? ரத்தம் கொட்டுது, நீ சிரிச்சிகினு குந்திகினு கீற?"

"கேளு, நல்லா கேளு" என்றான் ராஜப்பா. இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த பேச்சு வாய் கொள்ளாமல் வந்தது. "எங்கனா ஊர் ஒலகத்துல இப்படிக் கீதா? புருஷங்காரன் கத்தறான், பொண்டாட்டி இளிக்கிறா. ஏமே மங்கம்மா, ஒன்னத்தான். நாளைக்கு ஏனோக்கு கையில நானே போய்க் காட்டறேன். மொதல்ல கட்டுமே அத்த!"